அவசரமும் அவகாசமும்

ராஜமகேந்திரவரத்தில் கோதாவரிக் கரையை ஒட்டிய ஒரு தெருவில், ஒரே அறையும் ஒரே இயந்திரமுமாகத் தொழில் நடத்தி வந்த தையற்காரர் ஒருவரிடம், உத்தியோக நிமித்தமாக அவ்வூருக்குப் புதிதாகப் போய்ச் சேர்ந்திருந்த நான், இரண்டு சட்டைகளுக்கு வேண்டிய துணியைக் கொடுத்தேன். சங்கராந்தி நெருங்கிவிட்டபடியால் அவரைச் சுற்றிலும் குவிந்து கிடந்த துணிகளைக் கண்டு மனம் இளகி, எனக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில், "அவசரம் லேது" என்று சொன்னேன். பண்டிகைக் கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் பொறுமையாகத் தைத்துக் கொடுத்தால் போதும் என்பது என் கருத்து. அவரோ, அளவெடுப்பதற்காகக் கையில் எடுத்திருந்த நாடாவை மீண்டும் கழுத்தில் போட்டுக்கொண்டு, துணியை மடித்து என் பக்கமாகத் தள்ளிவிட்டு, "அவசரம் லேகபோதே மரி எந்துகு இச்சாரு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பொருள் எனக்கு அப்பொழுது சரியாக விளங்கவில்லை. ஆனால் அவருடைய குரலில் கோபத்தைக் காட்டிலும் மனத்தாங்கலே மிகுந்திருந்தது என்பது விளங்கிற்று.

அன்று இரவு, நான் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திண்ணையில் உட்கார்ந்து நடந்ததைக் கேட்டுவிட்டு, "தொந்தர லேது அனாலி, பாபு" என்றார். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை. பண்டிகைக் காலத்தில் மூச்சுவிட நேரமில்லாமல் உழைக்கும் ஒரு மனிதரிடம் வந்து துணியையும் கொடுத்துவிட்டு, 'இது எனக்குத் தேவையில்லை' என்று முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்கிறேன்! 'தேவையில்லையென்றால் பிறகு ஏன் கொடுத்தீர்கள்?' என்று அவர் கேட்டதில் என்ன குற்றம்? நாம் அவசரம் என்று சொல்லுவதைத் தெலுங்கர் 'தொந்தர' என்கிறார்கள். அந்தத் தொந்தரவோ நம் வீட்டில் உபத்திரவம் என்ற பொருளில் நெடுங்காலமாகப் புழங்கி வருகிறது. கன்னடத்தில் 'தொந்தரெ' என்றாலும் அதே உபத்திரவந்தான். ஆகவே தலைமையாசிரியர் சொல்லிக் கொடுத்த வாக்கியத்தையே நான் கற்றுக்கொண்டு போய்ச் சொல்லியிருந்தாலும், என் காதுக்கு அது 'ஒரு தொந்தரவும் இல்லை' என்றுதான் ஒலித்திருக்கும்.

மறுநாள் காலையில் போய் அந்தத் தையற்காரரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்; அவரும் சிரித்துத் துணியை வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த ஒரு வார்த்தை அன்று முதல் என்னை விடவே இல்லை. அதன்பின் எந்த ஊருக்குப் போனாலும், எந்தப் பாஷையின் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்தாலும், அவசரம் என்ற சொல் அங்கே என்ன வேஷத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அதைத் தேடப் போன இடத்தில் அதனுடைய கூட்டாளியாகிய அவகாசத்தையும் கண்டுகொண்டேன். இவ்விரண்டையும் பற்றி ஆர அமர எழுதவேண்டும் என்று பல வருஷங்களாக இருந்த ஆசை இப்பொழுதுதான் கைகூடுகிறது.

நம் வீட்டுச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் விரைவு வேறு, அவசரம் வேறு. 'விரைந்து வந்தான்' என்றால் வந்தவனுடைய சுறுசுறுப்பைப் பாராட்டுகிறோம். 'அவசரப்பட்டு வந்துவிட்டான்' என்றால் அவனுடைய நிதானக் குறைவைச் சுட்டுகிறோம். விரைவு காலில் இருப்பது. அவசரம் மனத்தில் இருப்பது. பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவனுக்கும், துக்கச் செய்தி வந்த வீட்டிலிருந்து ஊருக்குப் புறப்படுகிறவனுக்கும், விரைவு அவர்களாக விரும்பி மேற்கொண்டதன்று. காலம் வெளியிலிருந்து அவர்களை நெட்டித் தள்ளுகிறது. அந்த நெட்டித் தள்ளுதலுக்குத்தான் அவசரம் என்று பெயர். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்னும் பழமொழியை எண்ணிப் பாருங்கள்: கை பெருத்துவிடவில்லை, அண்டாவின் வாயும் சுருங்கிவிடவில்லை, இடையிலே காலம் வந்து நின்றுகொண்டு கையைத் தட்டிவிடுகிறது.

இப்படி நம்முடைய அவசரத்துக்கும் தெலுங்கு அவசரத்துக்கும் ஒட்டும் உறவும் இல்லை என்று சில காலம் எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, என் பாட்டியின் அஞ்சறைப் பெட்டி நினைவுக்கு வந்தபோது அந்த எண்ணம் கலைந்தது. கடுகு இருக்கும் அறைக்கு அடியில், நாலாக மடித்த ஒரு ரூபாய் நோட்டை அவள் எப்பொழுதும் வைத்திருப்பாள். "எதுக்குப் பாட்டி இது?" என்று கேட்டால், "இருக்கட்டும்டா, ஒரு ஆத்திர அவசரத்துக்கு ஆகும்" என்பாள். அவள் சொன்ன அவசரத்தில் ஓட்டமும் இல்லை, பதற்றமும் இல்லை. தேவை ஏற்படும் ஒரு சமயம் என்பதே அதன் முழுப் பொருள். 'அவசரத்துக்கு இது போதும்', 'அவசரத்துக்குக் கைகொடுத்தான்' என்று இன்றும் நாம் தினந்தோறும் சொல்லுகிறோமே, இவற்றிலெல்லாம் இருப்பது ராஜமகேந்திரவரத்துத் தையற்காரருடைய அவசரம் அல்லாமல் வேறென்ன? தெலுங்கருடைய பொருள் நம் வீட்டுச் சமையலறையிலேயே கடுகுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. நான்தான் கவனிக்காமல் இருந்துவிட்டேன்.

அவசரம் என்பது சம்ஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். 'ஸ்ரு' என்ற தாதுவுக்கு ஓடுதல், பாய்தல் என்று பொருள். நதியைக் குறிக்கும் 'ஸரித்' என்ற சொல்லும், அயோத்தியை நனைத்துக்கொண்டு ஓடும் ஸரயுவின் பெயரும் அந்தத் தாதுவிலிருந்து பிறந்தவையே. 'அவ' என்னும் முன்னொட்டு கீழ்நோக்கி என்பதைக் காட்டும். ஆகவே அவசரம் என்பதன் ஆதிப்பொருள், கீழே இறங்கி வருதல். வடமொழி நிகண்டுகளில் மழை என்ற பொருளும் அதற்கு உண்டு. அதிலிருந்து ஏற்ற சமயம், வாய்ப்பு, ஒருவருக்குரிய முறை, ஓய்வு என்று பல கிளைகள் சம்ஸ்கிருதத்திலேயே பிரிந்துவிட்டன. அந்தக் கிளைகளில் ஒவ்வொரு பாஷைக்காரரும் தத்தமக்குப் பிடித்த ஒன்றை ஒடித்துக்கொண்டு போய்த் தங்கள் தங்கள் தோட்டத்தில் ஊன்றிக்கொண்டார்கள் என்று சொல்லலாம்.

இந்த 'ஸ்ரு' என்னும் தாதுவின் வம்சமே ஊர் சுற்றும் வம்சம் போலும். 'ஸம்' என்ற முன்னொட்டோடு சேர்ந்து அது பெற்ற மற்றொரு குழந்தை சம்சாரம். பிறவிச் சுழலில் ஓடிக்கொண்டே இருத்தல் என்று தத்துவ ஞானிகள் அதற்குப் பொருள் கண்டார்கள், ஹிந்திக்காரருக்கு அது உலகம், நமக்குக் குடும்பம், அதிலும் சிறப்பாக மனைவி, மலையாளிகளுக்கோ பேச்சு. கடல் கடந்து மலாய் பாஷைக்குப் போன அதே சொல் அங்கே 'செங்சாரா' என்று உருமாறித் துன்பத்தைக் குறிக்கிறது. தாய்லாந்தில் 'சோங்ஸான்' என்று ஒலித்து இரக்கத்தைக் குறிக்கிறது. மலேசியாவில் மூன்று தலைமுறைகளாக வாழும் ஒரு தமிழர் வீட்டில், சம்சாரம் என்ற சொல் இல்லத்தரசியையும், செங்சாரா என்ற சொல் படும் பாட்டையும் குறித்துக்கொண்டு, ஒன்றையொன்று இனங்கண்டுகொள்ளாமலே ஒரே கூரையின் கீழ் குடியிருக்கக் கூடும். தாய்லாந்துக்காரருடைய பொருள்தான் என் மனத்தை மிகவும் கவர்ந்தது. பிறந்து பிறந்து உழலும் உயிர்களைக் கண்டால் அறிவுள்ள மனத்தில் எழ வேண்டியது இரக்கமே என்பதை ஒரு சமூகம் நூல் எழுதிச் சொல்லாமல், சொல்லின் பொருளை நகர்த்தியே சொல்லிவிட்டது.

அவசரத்துக்குத் திரும்புவோம். ஏற்ற சமயம் என்ற பழைய பொருள் நம் நாட்டிலேயே கோயில்களில் அழியாமல் நிற்கிறது. திருவரங்கத்தில் பெருமாளுக்கு நிவேதனம் நடக்கும் ஒரு வேளைக்குப் 'பெரிய அவசரம்' என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்கும் இக்காலத்து இளைஞர் ஒருவர், அரங்கநாதருக்கும் என்ன அப்படி அவசரம் என்று எண்ணக் கூடும். ஆனால் அங்கே அது இறைவனுக்கு அமுது செய்விக்க வேண்டிய வேளையையே குறிக்கிறது. பள்ளிகொண்ட பெருமாளின் சந்நிதியில், சொல்லும் தன் பழைய நிதானத்தோடு இருக்கிறது.

இதே கருத்துக்குப் பழந்தமிழில் 'செவ்வி' என்ற அழகான சொல் ஒன்று உண்டு. அரசனையோ தலைவியையோ காண ஏற்ற தருணம் பார்த்துக் காத்திருப்பதைச் செவ்வி பார்த்தல் என்றார்கள். திருக்குறளில் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கும்போது, தருணத்தைக் குறிக்க நமக்குச் சொல்லுக்கா பஞ்சம்! ஆயினும் தமிழகத்தில் செவ்வி புலவர்களுடைய ஏடுகளிலேயே தங்கிவிட்டது. இலங்கைத் தமிழரோ அதை எடுத்துத் தூசி தட்டிப் பத்திரிகைத் தொழிலுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். நாம் பேட்டி என்று எழுதுவதை அவர்கள் செவ்வி என்று எழுதுகிறார்கள். பெரியவர் ஒருவரை அவருக்கு ஏற்ற வேளையில் சென்று கண்டு உரையாடுதல் என்ற பழம்பொருள் அந்தப் பிரயோகத்தில் எவ்வளவு இயல்பாகப் பொருந்திவிட்டது! ஒரே தமிழுக்குள்ளேயே ஒரு சொல் கடலுக்கு இந்தப் பக்கத்தில் உறங்குகிறது, அந்தப் பக்கத்தில் உழைக்கிறது. பிற பாஷைகளோடு நமக்குள்ள வேற்றுமையைக் கண்டு வியப்பதற்கு முன், இந்த வேற்றுமையை நாம் இன்னும் அன்போடு கவனித்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

மலையாளத்தில் அவசரம் என்றால் வாய்ப்பு. 'தொழிலவசரங்ஙள்' என்று கொட்டை எழுத்தில் பத்திரிகையில் வந்தால், வேலைவாய்ப்புகள் என்று அர்த்தம். அவசரவாதி என்று ஒருவரை அங்கே ஏசினால், பரபரக்கிறவர் என்று பொருளல்ல. நாம் சந்தர்ப்பவாதி என்கிறோமே, அவர். ஹிந்தியிலும் 'அவ்சர்' வாய்ப்புத்தான், 'அவ்சர்வாதி' சந்தர்ப்பவாதிதான். அப்படியானால் மலையாளிகள் நம்முடைய அவசரத்துக்கு என்ன சொல்லுகிறார்கள் என்று கேட்டால், அதில்தான் பெரிய ஆச்சரியம் இருக்கிறது. அவர்கள் 'த்ருதி' என்கிறார்கள். சம்ஸ்கிருதத்தில் த்ருதி என்றால் அசையாத உறுதி. கீதையின் 18-ஆம் அத்தியாயத்தில், சாத்துவிகம் முதலாக மூன்று வகையாகப் பகுத்துப் பேசப்படும் மன உறுதி அது. உறுதியைக் குறித்த சொல் பரபரப்பைக் குறிக்கும் நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தது? ஒன்றைப் பிடித்தால் விடாத உறுதி, விடாப்பிடியாகி, பிடிவாதமாகி, இப்பொழுதே வேண்டும் என்ற துடிப்பாகியிருக்கலாம் என்பது என் ஊகம்.

தெற்கே நம்மோடு ஒத்துப்போகிறவர்கள் கன்னடர்கள். 'அவசரவே அபகாதக்கெ காரண' என்று அவர்களுடைய சாலையோரங்களில் எழுதியிருப்பதைக் காணலாம். அபகாதம் என்பது விபத்து. முதன்முதல் அதை ஒருவர் படித்துக் காட்ட நான் கேட்டபோது, வெளியூரில் திடீரென்று சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் மனம் குளிர்ந்தது.

1975-ஆம் வருஷம் ஜூன் 25-ஆம் தேதி இந்தியாவில் பிரகடனம் செய்யப்பட்டு, 21 மாதங்கள் நீடித்த அந்த ஆட்சி நிலைமைக்கு ஒவ்வொரு பாஷையும் என்ன பெயர் வைத்தது என்று பார்த்தால், இந்தச் சொற்களின் போக்கு இன்னும் தெளிவாக விளங்கும். தமிழில் அவசர நிலை என்றோம். நெருக்கடி நிலை என்றும் எழுதினோம். தெலுங்கில் அவசரம் தேவையையே குறிப்பதால், அது மட்டும் போதாது என்று 'அதி' என்பதைச் சேர்த்து 'அத்யவசர பரிஸ்திதி' என்றார்கள்: தேவை எல்லை மீறிய நிலை. கன்னடர்கள், தங்களுக்கும் அவசரம் பரபரப்புத்தான் என்றாலும், அதை எடுத்துக்கொள்ளாமல் 'துர்த்து பரிஸ்திதி' என்றார்கள். ஹிந்திக்காரர் ஆபத்துக் காலம் என்ற பொருள்படும்படி 'ஆபாத்கால்' என்றார்கள். வங்காளிகள் அரபு மூலமுள்ள 'ஜருரி' என்னும் சொல்லைக் கொண்டு பெயரிட்டார்கள். மலையாளத்தில் 'அடியந்தராவஸ்த'. நாஞ்சில் நாட்டில் கல்யாணம், சாவு முதலிய வீட்டுக் காரியங்களை அடியந்திரம் என்று சொல்லும் வழக்கை அறிந்தவர்களுக்கு, இந்தப் பெயரைக் கேட்டதும் பந்தலும் பந்தியும் கண்முன் வந்து நிற்கும். ஒரே தேசத்தின் மீது ஒரே நாளில் இறங்கிய ஒரே சம்பவம், ஒருவர் மனத்தில் பரபரப்பாகவும், ஒருவர் மனத்தில் தேவையாகவும், ஒருவர் மனத்தில் ஆபத்தாகவும் பெயர் பெற்றது.

அவகாசத்தின் கதை இதனினும் விரிந்தது. 'காச்' என்றால் ஒளிர்தல், புலப்படுதல். ஆகாசம், பிரகாசம், அவகாசம் மூன்றும் அந்தத் தாதுவின் புதல்விகள். இரண்டு பொருள்களுக்கு இடையே கண்ணுக்குப் புலப்படும் வெற்றிடம் என்பது அவகாசத்தின் முதற்பொருள். நாம் அந்த இடத்தைக் காலத்தின்மேல் ஏற்றி, செய்து முடிப்பதற்கு உரிய கால இடைவெளி என்று ஆக்கிக்கொண்டோம். கடன்காரரிடத்திலும் நீதிபதியிடத்திலும் அவகாசம் கேட்கிறோம். 'அவசரப்படுத்தாதீர்கள், அவகாசம் கொடுங்கள்' என்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக நிறுத்திச் சண்டை மூட்டியவர்கள் நாம்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் அவகாசம் என்றால் வாய்ப்பு. மலையாளிகள் அவசரத்துக்குக் கொடுத்த பொருளைத் தெலுங்கர் அவகாசத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். மலையாளத்திலோ அவகாசம் என்றால் உரிமை. மனித உரிமை அங்கே 'மனுஷ்யாவகாசம்', வாரிசு 'அவகாசி'. விலாசினி என்ற புனைபெயரில் எழுதிய எம். கே. மேனன் 1980-ல் வெளியிட்ட நான்கு பாகங்கள் கொண்ட பெருநாவலுக்கு 'அவகாசிகள்' என்று பெயர். மலையாளத்தின் மிக நீண்ட நாவலாகிய அதை வாசிப்பதற்கு நம்முடைய அவகாசமும் நிறைய வேண்டும்! இடத்தைக் குறித்த சொல் உரிமையைக் குறிக்க வந்தது எப்படி என்று சில நாள் எனக்குப் புலப்படவில்லை. பிறகு, இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்று நம்மவர் சொல்லும் பழமொழி நினைவுக்கு வந்ததும் புரிந்துவிட்டது. வீட்டில் ஒருவனுக்கு இருக்க இடம் உண்டு என்பதே அவனுக்கு அந்த வீட்டில் பாத்தியதை உண்டு என்பதாகும். நம் பழமொழி பயந்து கொண்டு சொன்னதைத்தான் மலையாளச் சொல் நியாயமாக ஏற்றுக்கொண்டு சொல்லுகிறது.

விந்தியத்துக்கு வடக்கே போனால் ஹிந்தியில் 'அவகாஷ்' என்பது விடுமுறை. மத்திய சர்க்கார் காரியாலயங்களில் வேலை பார்த்த நம்மவர் பலர் 'ஆகஸ்மிக் அவகாஷ்' என்ற தலைப்பிட்ட விண்ணப்பத்தில் கையெழுத்திட்டுத்தான் தீபாவளிக்கு ஊர் வந்திருப்பார்கள். மராத்தியிலும் குஜராத்தியிலும் சொல் மறுபடியும் தன் சகோதரியாகிய ஆகாசத்தை நாடிப் போய்விட்டது: அங்கே அவகாசம் என்றால் விண்வெளி. 1984-ல் ராகேஷ் சர்மா விண்ணுக்குச் சென்றபோது, குஜராத்தியில் அவர் 'அவகாஷ்யாத்ரி'. அதே சொல்லை ஹிந்திக்காரர் கேட்டால் விடுமுறையில் யாத்திரை போகிறவர் என்றும், மலையாளி கேட்டால் உரிமை கோரி யாத்திரை போகிறவர் என்றும் எண்ண இடமுண்டு. தாய்லாந்தில் இந்தச் சொல் இரண்டு முறை இறக்குமதியாகியிருக்கிறது. பாலி பாஷையின் 'ஓகாஸ' என்ற உருவத்தில் வந்தது 'ஓகாத்' என்றாகி வாய்ப்பைக் குறிக்கிறது. சம்ஸ்கிருத உருவத்தில் வந்தது 'அவகாத்' என்றாகி விண்வெளியைக் குறிக்கிறது. அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் வேறு வேறு பெயரோடு வேறு வேறு தொழில் செய்கிறார்கள்.

வங்காளத்தில் அவசரம் என்ன ஆயிற்று? அங்கே 'அபஸர்' என்று எழுதி 'ஒபோஷோர்' என்று உச்சரிக்கும் சொல்லுக்கு ஓய்வு என்று பொருள். 'ஒபோஷோர் ஷொமய்' என்றால் வேலையற்ற, சாவகாசமான பொழுது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுவதும் 'ஒபோஷோர்' எடுத்துக்கொள்வதே. பங்களாதேஷ் பத்திரிகைகளில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளின் பதவிப் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக் குறிக்குள் 'அப.' என்று சுருக்கமாகப் போடுகிறார்களே, அது இந்தச் சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள்தாம். 'அபகாஷ்' என்ற அவகாசத்துக்கும் அவர்களிடத்தில் ஓய்வு, விடுமுறை என்பனவே பொருள். நாம் ஜன்மப் பகைவர்களாக்கி வைத்த இரண்டு சொற்கள் கங்கைக் கரையில் ஒரே பாயில் படுத்து இளைப்பாறுகின்றன.

அவை அதைப்போலவே கைகோத்து நடக்கும் இன்னோர் இடம் இலங்கை. சிங்களத்தில் 'அவசர' என்றால் அனுமதி. அனுமதிப் பத்திரம் அங்கே 'அவசர பத்ரய'. பிக்ஷு ஒருவரிடம் பேசத் தொடங்கும்போது, "அவசரயி, ஹாமுதுருவனே" என்று கைகூப்பிச் சொல்லுவது மரியாதை. கண்டியில் ஒரு கடை வாசலில் முதன்முதலாக அதைக் கேட்டேன். காவி உடுத்த முதிய துறவி ஒருவர் மெள்ளப் படியேறி வர, கடையிலிருந்த பெண்மணி எழுந்து நின்று அந்த வார்த்தைகளைச் சொன்னார். அவசரம் என்ற ஒலி காதில் விழுந்ததும் என் உடம்பு தானாகவே வழிவிட்டு ஒதுங்கியது. ஆனால் அந்தக் காட்சியில் விரைவுக்கு இடமே இல்லை. தங்கள் உத்தரவு என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். பௌத்தர்கள் வணங்கும்போது தொடக்கத்தில் உச்சரிக்கும் 'ஓகாஸ' என்ற பாலிச் சொல்லும் அவ்வாறே அனுமதி கோருவது. அது நம் அவகாசமேயன்றி வேறன்று.

ஆகவே தேவை, வாய்ப்பு, பரபரப்பு, ஓய்வு, அனுமதி: இவ்வளவும் ஒரே அவசரம். இவற்றுள் ஏதேனும் ஒன்று சரி, மற்றவை சிதைவு என்று வாதிடும் பண்டிதர்களைச் சந்தித்திருக்கிறேன். மூலத்தில் சமயம் என்று இருந்ததைத் தமிழர் பரபரப்பு என்று கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் என்னிடம் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார். அவரிடம் அன்று பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. பதில் சில வருஷங்கள் கழித்து, தஞ்சை ஜில்லாவில் மானாவாரி நிலம் வைத்திருந்த ஓர் உறவினர் வீட்டில், மழை நாள் ஒன்றில் கிடைத்தது.

மழை சோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவரும் வயலுக்குப் போக முடியாது. திண்ணையில் ஆண்கள் ஒருபுறம் படுத்திருந்தார்கள். ஒருபுறம் ஆடுபுலி ஆட்டம் நடந்தது. இதுதான் வங்காளியின் 'ஒபோஷோர்' என்று எண்ணினேன். விதைநெல்லை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போயிருந்த அந்தக் குடும்பத்துக்கு அந்த மழை எவ்வளவு தேவையாக இருந்தது என்பதைப் பெரியவர் முகத்தில் கண்டேன். அது தெலுங்கரின் அவசரம். நான்கு மணிக்கு மழை விட்டது. அதுவரையில் தலையணையில் சாய்ந்துகொண்டிருந்த பெரியவர் சட்டென்று எழுந்து வெளியே வந்து, வானத்தை நோக்கி ஒரு கும்பிடு போட்டார். இனி நிலத்தில் இறங்கலாம் என்று மேலே இருப்பவர் உத்தரவு கொடுத்துவிட்டார் என்பதுபோல் இருந்தது அந்தக் கும்பிடு. உழுது விதைக்க இதைவிட்டால் வேறு வாய்ப்பில்லை. "என்னடா படுத்துக் கிடக்கிறீங்க? ஈரம் காஞ்சுட்டா என்ன பண்ணுவீங்க? அவசரமாக் கிளம்புங்கடா!" என்று அவர் போட்ட சத்தத்தில் திண்ணை முழுவதும் ஒரு கணத்தில் காலியாகிவிட்டது.

மேலிருந்து கீழே இறங்கி வந்தது நீர். அவசரம் என்ற சொல்லின் ஆதிப்பொருளும் அதுவே. அது இறங்கும்போது ஓய்வு. இறங்க வேண்டும் என்பது தேவை. இறங்கி முடிந்ததும் வாய்ப்பு. வாய்ப்போடு கூடவே அனுமதி. ஈரம் காய்வதற்குள் என்பதில் பரபரப்பு. வெவ்வேறு தேசத்தார் அந்த ஒரே மழையை வெவ்வேறு நாழிகையில் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். வியாகரண பண்டிதர்கள் இதை ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்பதை நான் அறிவேன். சொற்பொருள்கள் இந்த வரிசையில் பிறந்தன என்று நிரூபிக்க என்னிடம் ஏடு எதுவும் இல்லை. ஆனால் அன்று மாலை, கலப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சேற்றுக்குள் இறங்கி ஓடியவர்களைப் பார்த்தபோது, நம் முன்னோர் இந்தச் சொல்லைக் கெடுத்தார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. மழை விட்டபின் இருந்த அந்த ஒரு நாழிகையை நன்றாக அறிந்தவர்கள் அவர்கள்.

சென்ற மாதம் நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றேன். ஒரு காலத்தில் என்னோடு பக்கத்து மேஜையில் வேலை பார்த்து, எனக்கு முன்பே ஓய்வு பெற்றுக் கல்கத்தாவில் வசிக்கும் வங்காள நண்பர், நலம் விசாரித்துக் கடிதம் எழுதியிருந்தார். இவ்வளவு வருஷங்களுக்குப் பிறகு உனக்கும் 'ஒபோஷோர்' வாய்த்ததே என்று அதில் சந்தோஷப்பட்டிருந்தார். அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே இரண்டு வரி பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். இனிமேல் எனக்கு ஒரு நாளும் அவசரம் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அதை அப்படியே எழுதினால், இனிமேல் எனக்கு ஒரு நாளும் ஓய்வு இல்லை என்றல்லவா அவர் படிப்பார்? காகிதத்தை எடுத்து வைத்துவிட்டு, ராஜமகேந்திரவரத்துத் தையற்காரரை நினைத்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தேன்.